அத்தா ருசி பார்க்காத நெல்

மட்டாஞ்சேரி
18-7-1966

அன்பு மகன் பரீதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கச்சி ஜுமைலாவும் அவள் பிள்ளைகளும் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம், நீ மணிலாவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நானே நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. பதில் தாமதத்துக்கு மழையைச் சாக்குச் சொல்லலாம், ஆனால் உண்மை அது இல்லை. எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணைப் பெரிய ஆபீசர் கடைசியில் மனசு இறங்கி என்னுடைய நெல்லை உரமே போடாத ஒரு வரிசையில் நட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார், அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டேன், அத்தா வைத்திருந்த விதையில் ஒரு பிடி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். விதை இல்லை பரீது. முளைக்கிற நெல் ஒரு மணிகூட இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு யார் மேலும் கோபம் வராது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயசில் இருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முதலில் வீட்டுச் சேதி. அத்தா போனதற்கு நான் வாசல் தாண்டாமல் இருந்த நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்து ஒரு மாசம் ஆகப்போகிறது. இனி வெளியே வரலாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், வந்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. கர்க்கடக மாசம் பிறந்து மழையில் பஜாரில் தண்ணீர் நிற்கிறது. ஜுமைலா வீட்டுக்காரர் மொய்து வெலிங்டன் தீவில் அதே கிடங்கு வேலையில்தான் இருக்கிறார், படகில் நனைந்துகொண்டே வந்து வீடு அதிரத் தும்முகிறார். ரேஷனில் அரிசி கொஞ்சம்தான், மிச்சத்துக்குக் கோதுமை தருகிறார்கள். நான் கோதுமைக் கஞ்சி வைத்தால் பிள்ளைகள் இது போஸ்டர் ஒட்டுகிற பசை என்று சொல்லிவிட்டுக் கப்பைக் கிழங்கைத் தேடிப் போகிறார்கள். அத்தாவின் மண்டியைப் பூட்டியே வைத்திருக்கிறோம். அரிசி வியாபாரமெல்லாம் சர்க்கார் கைக்குப் போன பிறகு திறந்துதான் என்ன, எலிகள்கூட வேறு இடம் பார்த்துப் போய்விட்டன என்று மொய்து சொல்கிறார்.

நீ போன பிறகு அத்தா அந்த நெல்லோடு எப்படி இருந்தார் என்று நான் முழுக்க எழுதியதில்லை. அவர் இருக்கும்போது அவரைப் பற்றி எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துத் திருத்துவார். நீ இங்கே பண்ணையில் வேலை பார்த்த நாளில், ஒரு கதிரின் பூவைக் கத்தரியால் நறுக்கி இன்னொரு கதிரின் பொடியை அதில் தட்டுவாய் என்று கேட்டுவிட்டு, என் மகன் பட்டம் படித்து நெல்லுக்கு நிக்காஹ் செய்து வைக்கிறான் என்று பஜார் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர்தான். உப்புத் தண்ணீரில் நிற்கிற நம் பொக்காளி நெல் ஆள் உயரம் வளர்ந்து கடைசியில் படுத்துவிடுகிறது, அதை நிமிர்ந்து நிற்க வைக்கவேண்டும், மணியும் கூடவேண்டும், ஆனால் மூட்டை உரமும் பூச்சி மருந்தும் கேட்காத நெல்லாக இருக்கவேண்டும், அறுப்புக்குப் பிறகு அதே வயலில் செம்மீன் இறால் வளரவேண்டும், செம்மீன் விட்ட கழிவில் அடுத்த நெல் வளரவேண்டும் என்று நீ சோற்றில் கை வைத்தபடி மணிக்கணக்கில் சொல்வாய், சோறு ஆறிப்போகும். பண்ணையில் மேலே இருந்தவர்களுக்கு உரம் தின்கிற குட்டை நெல்தான் பிடித்தது. அப்படி ஒட்டி எடுத்த நெல்லில் நீ மணிலாவுக்குக் கையோடு கொண்டுபோன பொட்டலத்தையும், வெளிநாட்டு விதையைச் சீட்டு இல்லாமல் விடமாட்டோம் என்று இறங்கின இடத்தில் வாங்கி எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் அந்த நெல் இருந்தது கும்பளங்கியில், நம் மண்டிக்கு நெல் போட்டுக்கொண்டிருந்த பைலி சேட்டனின் வயல் ஓரத்தில் மட்டும்தான்.

சிரித்த மனுஷனே அதற்குக் காவலாகிவிட்டார். கதிர் முற்றுகிற நேரத்தில் தினமும் கும்பளங்கிக்குப் போய் வரப்பில் நடந்து, நிமிர்ந்து நிற்கிற செடிகளாகப் பார்த்துத் துணி கட்டிவிட்டு வருவார், அடுத்த விதைக்கு அந்தக் கதிர்கள் மட்டும்தான் என்று நீ எழுதியிருந்தாயாம். துணி என்றால் அவருடைய கைலிதான். நான் சத்தம் போட்டால், நூல் கட்டினால் கண்ணுக்குத் தெரியாதடி, கட்டம் போட்ட கைலிதான் தூரத்தில் தெரியும் என்பார். இருந்த கைலியெல்லாம் அப்படியே போய்க் கடைசியில் இரண்டில் வந்து நின்றது. போன ஐப்பசியில் அறுத்தபோது ஒரு சின்னச் சாக்கு நிறையக் கிடைத்தது, தூக்கிக்கொண்டு வந்த அன்று அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், உன்னைப் பெற்றபோதுகூட அவ்வளவு சிரிக்கவில்லை. ரேஷன் அரிசியைத் தின்று நாக்கு செத்துவிட்டது, இதில் ஒரு நாழி குத்திக் கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டேன். சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, மகன் வந்து பார்க்கட்டும், அப்புறம் எல்லாரும் சேர்ந்து தின்னலாம், அரிசி வியாபாரி கொஞ்ச நாள் வாயைக் கட்டினால் செத்தா போய்விடுவான் என்றார். அடுத்த பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில் மண்டி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை உனக்குத் தந்தியில் சொன்னோம்.

நம் சொந்த ஊர் புதுநகரத்தில் இருந்து உன் ரம்லத் மாமி அழுதுகொண்டே வந்தாள். அத்தாவுக்கு அக்கா என்றால் தாய்க்குச் சமம், உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போன பிறகும் மாமி போகவில்லை. நான் உள் அறையில் கிடந்தேன். எனக்குத் தலை வாரிவிட்டதும், சோற்றைப் பிசைந்து வாயில் வைத்ததும், அத்தாவின் உடுப்புகளைத் துவைத்து மடித்ததும் எல்லாம் அவள்தான். ஒரு நாள் நெல் அவிக்கிற வாசனை வந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது மகனே, எழுந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

இடவப்பாதி மழை பிடித்து வயலில் உப்பு கழுவிப்போனதும் பைலி சேட்டன் விதைக்கு வந்தார். சாக்கு அத்தா வைத்த இடத்திலேயே மச்சில் வாய் கட்டி இருந்தது. பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார், அத்தாவும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் கொடுப்பார். ஓலைக் கூடையில் கட்டிக் குளத்தில் ஊறவைத்து எடுத்திருக்கிறார். மற்ற கூடைகளில் எல்லாம் முளை வெள்ளையாக எட்டிப் பார்த்திருக்கிறது, நம் கூடையில் ஒன்றும் இல்லை. இன்னும் பார்ப்போம், இன்னும் பார்ப்போம் என்று வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கூடையோடு இங்கே வந்தார். எனக்கு அப்போது இத்தா முடியவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கூடையைத் திறந்ததும் புளித்த கஞ்சி வாசனை வீட்டுக்குள் வந்தது. ஒரு மணியை உரித்து ஜுமைலாவின் கையில் கொடுத்து, "உம்மா, இது அவிச்ச நெல்லாணு, இனி முளைக்கில்ல" என்றார். சாயா கொடுத்தனுப்பினேன், குடிக்காமலே போய்விட்டார். மச்சில் இருந்த பாதியையும் உரித்துப் பார்த்தோம், அதுவும் கண்ணாடி மாதிரி விறைத்துத்தான் இருந்தது.

ஜுமைலாவைக் கேட்டதும் சொல்லிவிட்டாள். மாமிதான் அவித்தாள். பஞ்ச காலத்தில் நெல்லைப் பச்சையாக வைத்திருந்தால் பூச்சி விழும், உன் அம்மா இத்தாவில் இருக்கிறவள், அவிக்கவும் காயப்போடவும் யார் அலைவது, இப்போதே அவித்து வைத்தால் வேண்டும்போது குத்திக்கொள்ளட்டும் என்று விறகை அவளே கீறி, இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்து காக்கை ஓட்டி, காய்ந்ததும் பழைய சாக்கிலேயே கட்டி மச்சில் ஏற்றிவிட்டிருக்கிறாள். அது இன்ன நெல் என்று ஜுமைலாவுக்கும் தோன்றவில்லை. அன்று முழுக்க நான் மாமியை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. பிறகு யோசித்தேன். நெல் என்று நம் வீட்டுக்கு வந்தால் அவிப்பதற்கு, இல்லாவிட்டால் விற்பதற்கு. விதை என்று ஒன்று எந்தக் காலத்தில் மட்டாஞ்சேரி பஜாரில் இருந்தது. அத்தா அதை என்னிடம் சொன்னார், பைலி சேட்டனிடம் சொன்னார், ஊரில் இருக்கிற அக்காவிடம் சொல்ல அவருக்கு என்ன அவசியம். தம்பி செத்த துக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் செய்தாள், எனக்கு உதவி என்று நினைத்துச் செய்தாள். அவளிடம் போய் நீ என் மகனின் இத்தனை வருஷத்து உழைப்பை அவித்துவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வது.

இத்தா முடிகிற அன்று மாமி எனக்குப் புதுப்புடவை எடுத்துக்கொண்டு மறுபடி ஊரில் இருந்து வந்தாள். வந்ததும் மச்சில் ஏறி, நான் அவித்து வைத்த நெல்லை இன்னும் தொடவே இல்லையா என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு சாக்கைக் கீழே இறக்கினாள். நான் தடுக்கவில்லை. அவளும் ஜுமைலாவும் மாறி மாறிக் குத்தினார்கள், பொங்கி, அத்தா பேருக்கு ஃபாத்திஹா ஓதி, வந்த ஏழைகளுக்குப் போட்டுவிட்டு நாங்களும் உட்கார்ந்தோம். சொன்னால் நம்பமாட்டாய், தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. லேசாகச் சிவந்த சோறு, பெரிய பருக்கை, ஒரு இனிப்பு. கோதுமையைக் கண்டு ஓடுகிற பிள்ளைகள் இரண்டாம் தடவை வாங்கித் தின்றார்கள். மாமி ஒரு வாய் வைத்தவள் நிறுத்திவிட்டு, என் தம்பி இதைத் தின்றிருப்பான் இல்லையா என்று கேட்டாள். தின்றார் என்று சொன்னேன். அவர் ஒரு பருக்கை தின்றதில்லை பரீது. அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும், ஆனாலும் மிச்சம் வைக்காமல் தின்றேன், அவருக்கும் சேர்த்துத் தின்றேன்.

மறுநாள் மாமி, தம்பி தினமும் கும்பளங்கிக்குப் போனதைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு, அவன் நெல் போட்ட வயலைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கும் அது முதல் வெளி நடை. மொய்து கூட வந்தார். நம் விதை இல்லாமல் போனதும் அந்த ஓரத்தைச் சும்மா போடவேண்டாம் என்று பைலி சேட்டன் தன்னுடைய பழைய பொக்காளியையே விதைத்திருந்தார், மேட்டுக்கு மேடு நாற்று பச்சென்று நின்றது. மாமி வரப்பில் நின்று, இதுதானா அவன் நெல் என்று கேட்டாள். பைலி சேட்டன் என்னைப் பார்த்தார், மொய்து தண்ணீரைப் பார்த்தார். ஆமாம், இதுதான், நன்றாக முளைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். மாமி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு அந்த நாற்றுக்கு நேராகக் கை ஏந்தி நெடுநேரம் துஆ கேட்டாள், தம்பி போனாலும் தம்பி போட்டது நிற்கிறது என்று சொல்லி அழுதாள். நானும் ஆமீன் சொன்னேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

உன் ஆபீசரிடம் விதை இல்லை என்று மட்டும் சொல்லிவிடு, காரணம் அவருக்கு எதற்கு. உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் நேராக எழுதுகிறேன். அழ வேண்டுமானால் அழு, அத்தாவின் மையத்தை அடக்கும்போதுகூட உன்னால் வர முடியவில்லை, அதையும் சேர்த்து அழுதுவிடு, ஆனால் பட்டினி கிடக்காதே. பைலி சேட்டன் சொன்னார், உன் நெல்லுக்குத் தாய் இந்தப் பழைய பொக்காளிதானாம், அதிலும் ஒன்றிரண்டு செடி படுக்காமல் நிற்குமாம், பரீது மனசு வைத்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்கலாம், என் வயல் ஓரம் எப்போதும் உண்டு என்றார். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை, உன் சம்பளமும் படிப்பும் அங்கே இருக்கிறது. ஐப்பசியில் கதிர் முற்றும். மிஞ்சின இரண்டு கைலியில் ஒன்றை உடுத்தித்தான் அத்தா போனார், இன்னொன்று மாமி துவைத்து மடித்தபடி என் பெட்டியில் இருக்கிறது. அதைக் கிழிக்க எனக்குக் கை வராது. கிழிக்கிறதாக இருந்தால் நீ வந்து கிழி.

குளித்த தலையோடு வெயிலில் இறங்காதே, தொழுகையை விடாதே. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் அல்லாஹ் தரட்டும், நீ தொட்ட பயிரெல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும். ஜுமைலாவும் மொய்துவும் ஸலாம் சொல்கிறார்கள். மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று எழுது. நெல்லைப் பற்றி அவள் கேட்டு எழுதினால் முளைத்தது என்று எழுது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
லதீஃபா