பிப்ரவரியில் பார்த்த வானம்

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள லூசியன் அண்ணனுக்கு,

நலம். உன் ராணுவப் பயிற்சி முகாமுக்குக் கடிதம் மட்டும்தான் வரும் என்று தெரிந்ததால், எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன். போன வாரம் உன் கடிதம் வந்தது. ஓட்டத்தில் நீ மூன்றாவதாக வந்ததை அம்மா, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கிழங்கு நடவு முடிந்தது. கருப்பு ஈ இந்த வருஷம் காதுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது.

இனி எழுதப்போவதை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அவன் பயிற்சிய விட்டுட்டு ஓடி வந்துருவான், வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். நான் அப்பா பேச்சை மீறுவது இதுதான் இரண்டாவது முறை. முதல் முறையையும் கீழே சொல்கிறேன்.

ஏப்ரலில் அப்பா கொட்டகையில் விழுந்துவிட்டார். நெஞ்சுக்குள் வைத்த கருவி ஒரு உதை உதைத்து இதயத்தைத் திரும்ப ஓடவைத்தது. நாங்கள் அவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. கட்டிலருகே இருக்கும் பெட்டி செய்தி அனுப்பியிருக்கிறது. மருந்தை மாற்றினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் பெட்டியின் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். பச்சை எரிந்தால் செய்தி போய்விட்டது, மஞ்சள் எரிந்தால் போகவில்லை.

மே பாதியிலிருந்து மஞ்சள். காற்றடித்தாலும் மஞ்சள், மழை பெய்தாலும் மஞ்சள். ஒன்பது நாள் தகவலே இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள் போனில் கேட்டாள். ஒயர் சரியாக இருந்தது, பெட்டியின் செய்தியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் டிஷ்ஷும் கம்பத்தில் அசையவில்லை. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று அது பார்க்கும் திசையில் நானும் பார்த்தேன். வானம் இருந்த இடத்தில் நம் பெரிய மேப்பிள் மரம் பச்சைச் சுவர்போல் நின்றது.

அண்ணா, பிப்ரவரியில் டிஷ்ஷை மாட்டும்போது நீ பனியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் கையை நீட்டி, செயற்கைக்கோள் நிற்கும் உயரத்தை அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி என்று அளந்து, தெற்கே பார்த்தேன். "நல்லா பாத்தியாடி? எனக்குக் கை மரத்துப்போச்சு" என்றாய். "சுத்தமா இருக்கு, திருகு" என்றேன். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது, அதைத்தான் சொன்னேன். புத்தகத்தில் படித்த முஷ்டி அளவு நினைவிருந்தது, மரத்துக்கு இலை வரும் என்பது நினைவில்லை. சிக்னலும் அன்று முழுதாக வந்ததே என்று நீ சொல்வாய். இருந்தாலும் பார்த்தவள் நான்.

அப்பா மேப்பிளைத் தானே வெட்டப்போகிறார். வரும் சனிக்கிழமை காலை, மரம் அறுக்கும் மெஷினை வைத்து. ஆஸ்பத்திரி கொடுத்த தாளை அவர் படிக்கவே இல்லை. நான் நான்கு முறை படித்தேன். அந்த மெஷினைத் தொடக்கூடாது, கையில் இருக்கும்போது கருவி உதைத்தாலோ மயக்கம் வந்தாலோ உயிருக்கே ஆபத்து என்று இருக்கிறது. அம்மா அழுதே பார்த்துவிட்டாள். பக்கத்துப் பண்ணை ஓரேலை அழைத்தும் வந்தாள். வாசலிலேயே அப்பா அவரை மடக்கினார். "என்னப்பா, எனக்குப் புத்தி சொல்லவா வந்த? நான் வச்ச மரம், நான் வெட்டுவேன். நீ காபி குடிச்சிட்டுக் கிளம்பு." ஓரேல், "உனக்கு எத்தனை மரம் வேணாலும் இருக்கும்யா, நெஞ்சு ஒண்ணுதான்" என்றார். அப்பா சிரித்தார், மசியவில்லை. நீ இங்கே இருந்தவரை மெஷின் உன் கையில் இருந்தது. இப்போது அதை இன்னொருவரிடம் கொடுப்பதே அவருக்குக் கேவலம்போல் இருக்கிறது.

போன வியாழனன்று மெஷினின் சங்கிலியைக் கழற்றி என் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதுதான் நான் சொன்ன முதல் மீறல். நாள் முழுக்க அகராதிக்குக் கீழே அது கிடந்தது. அப்பா யாரையும் திட்டவில்லை. "நம்ம வீட்டு எலி இரும்பு தின்னுது போல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் புதுச் சங்கிலி வாங்கி வந்தார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

மரத்தை வெட்டவே வேண்டாம் அண்ணா. ஞாயிறு பூசை முடிந்து வந்து, தோட்டம் முழுக்கப் பத்தடிக்கு ஒருமுறை நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் திரும்ப அளந்தேன். கிழங்குக் கிடங்கின் தெற்கு மூலையில் டிஷ்ஷை வைத்தால் முன்னால் வெறும் வயல்தான். நடுவில் மட்டும் பார்த்தால் போதாது என்று இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒவ்வொரு முஷ்டி தள்ளிப் பார்த்தேன். வேலியோரத்து இளம் மரங்கள் இன்னும் எவ்வளவு வளரும் என்றும் கணக்கிட்டேன். வீட்டிலிருந்து ஒயருக்கு நூற்று முப்பது அடி போதும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கண்ணைத் தூக்காமல், "போன தடவையும் நீதானே சுத்தமா இருக்குன்ன, விஞ்ஞானி?" என்றார். அம்மா கோதுமைத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

நீ சொன்னால் கேட்பார். ஒரே ஒரு வரி எழுது. நோயெமி இந்தத் தடவை சரியாகப் பார்த்திருக்கிறாள், நான் வந்து டிஷ்ஷை மாற்றித் தருகிறேன், அதுவரை மரம் நிற்கட்டும் என்று எழுது. எனக்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கூடவே ஒரு தாளில் படம் வரைந்து அளவெல்லாம் குறித்திருக்கிறேன். நீயே சரிபார்த்துக்கொள். தப்பிருந்தால் எழுதாதே.

உன் பதில் சனிக்கிழமைக்குள் வராது. தபால்காரரிடம் கேட்டேன். உன் கைக்கு இது போகவே நான்கு நாளோ ஐந்து நாளோ ஆகும் என்றார். அதனால் சனிக்கிழமைக்கு நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. அப்பா மெஷினோடு வருவதற்கு முன்பே மேப்பிளின் அடியில், முதுகை மரத்தில் சாய்த்து உட்கார்ந்துவிடுவேன். நான் அங்கே இருக்கும்போது அவர் மெஷினை முடுக்கமாட்டார். முடுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபத்தில் அவர் நெஞ்சு வேகமாக அடித்தால் என்ன செய்வது? அது மட்டும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது.

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ எந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தாலும், எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

பணிவும் பாசமும் உள்ள தங்கை,
நோயெமி