எனக்குக் கடல் மயக்கம் இல்லை

இஞ்சாருங்கோ,

நீங்கள் பேக்கரியில் பாண் வாங்கப் போன நேரம் பார்த்து நான் துறைக்குப் போகிறேன். பாலைதீவுக் கோயில் திருநாளுக்கு நானும் வரத்தான் போகிறேன். "உனக்கு உந்தச் சாப்பாட்டுக் கரைச்சலோடை ஏனப்பா, வீட்டிலை இரு" என்று இனிச் சொல்ல வேண்டாம். ஐந்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் தடை நீங்கிக் கடல் திறந்திருக்கிறது.

கடைசியாகப் போன அந்த முறை உங்கள் அக்கா கோதுமை மாப் புட்டைத் தந்தார். நான் வள்ளத்துக்குள் சுருண்டு கிடக்க, "பாவம், இவளுக்குக் கடல் மயக்கம்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவளுக்குக் கடல் மயக்கமாம்! சொன்னவர் புத்தூர்த் தோட்டத்துக்குள் வளர்ந்தவர். என் குடலுக்குக் கோதுமை துளியும் ஆகாது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்ன பிறகும், "கொஞ்சம் திண்டால் என்ன செய்யும்?" என்றுதான் கேட்கிறார்.

அரிசி மாவும் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் என்னோடு வருகின்றன. திருநாள் மூன்று நாளும் என் அடுப்பு வேறு, சட்டி வேறு. அக்காவிடம் அதை நீங்களே சொல்லுங்கள்.

பாணை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். சம்பல் உறியில் இருக்கிறது. கோழிகளை அடைத்து, வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். எங்கள் யாகப்பு அண்ணை பத்து மணிக்கு வள்ளத்தில் பாய் ஏற்றிவிடுவார், பிந்த வேண்டாம்.

மக்டலீன்

மறந்துவிட்டேன்: கடலில் குமட்டினால் மணந்து பார்க்கத் தேசிக்காய் நாலு எடுத்திருக்கிறேன். போன முறை வள்ளத்தில் உண்மையாகவே சத்தி எடுத்தவர்களுக்கு. அக்காவுக்கு இரண்டு, உங்களுக்கு இரண்டு.