ராக்கெட்டுக்காகத் தள்ளிப்போன கண் ஆபரேஷன்

வெள்ளத்தாயிக்கு, சீனிச்சாமி சொல்லச் சொல்ல கேன்டீன் பியூலா எழுதுறது. ஸ்ரீஹரிகோட்டாவுல நான் சொகமா இருக்கேன். உன் கண்ணு எப்படி இருக்கு?

ஆனி பத்துல மேகம், இருபத்தொண்ணுல காத்து, ஆடி நாலுல ஏதோ வால்வுன்னு மூணு தடவை ராக்கெட்டைத் தள்ளிவச்சுட்டாக. மூணு தடவையும் காண்ட்ராக்டர், "கேட்டுல வாட்ச்மேன் வேணும்"னு என் லீவை வெட்டிட்டான். நீயும் "அவுக வரட்டும்"னு ஆபரேஷனைத் தள்ளிவச்சிருக்க. கிறுக்காடி உனக்கு?

இன்னும் ரெண்டு சேட்டிலைட் வரிசையில நிக்குதாம். "ஏலே, மேகத்துக்கு நிக்கிற ராக்கெட்டு எம் பொண்டாட்டி கண்ணுக்கு நிக்காதோ?"ன்னு காண்ட்ராக்டர்கிட்ட கேட்டுட்டு, இந்த வாரத்தோட வேலை வேண்டாம்னுட்டேன். "தாத்தா, இதையும் எழுதணுமா?"ங்கா பியூலா. எழுதுத்தா!

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு. என் வேட்டியை எடுத்துட்டு வா, இந்தக் காக்கியோட உள்ள வரமாட்டேன். ஆள் தெரியலன்னு அங்கன இங்கன அலையாத. நான் உன்னைக் கண்டுபிடிச்சுக்கிடுதேன்.

பியூலாவுக்கு அடுப்பு பத்தவைக்கணுமாம். இம்புட்டுதான்.