வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது. நீயும் என் பேத்தி வாலுவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் சிரித்துக்கொள். வலது கையில் மாவுக்கட்டு. காரணம் பிறகு சொல்கிறேன்.

உன் தோளில் தீப்புண் ஆறிவிட்டதா? வெயிலில் அலையாதே. வாலு புதுப் பள்ளிக்கூடத்தில் யாரையும் கடித்து வைக்கவில்லையே?

எரிந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. பெட்ரோல் ஊற்றிய தடயம் இருக்கிறதாம், பாலிசிக்காரரே வைத்த தீயாம். உன் புருஷன், நான் பெற்ற பிள்ளை, சும்மா இருப்பானா? பார்வையிட வந்த சர்வேயரின் முகத்தைக் கரிந்த நிலைப்படியில் மோதினான். பாவம், இரண்டு பல் போயிற்று. பிறகு கம்பெனிமேல் வழக்கும் போட்டான். ஸ்டவ் வெடித்தது என்று ஆஸ்பத்திரியில் நீ கொடுத்த வாக்குமூலம்தான் அவனுக்குப் பலம். அப்படிச் சொல்லும்படி உன்னைக் கெஞ்சியவன் நான். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் அவன் பக்கம் நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள். போகிற வழியில் டீ குடித்துக்கொண்டே சொன்னான்: பணம் வந்ததும் ஆள் வைத்து உன்னைப் பிடிப்பானாம், இந்த முறை ஜன்னல் இல்லாத அறையாகப் பார்ப்பானாம்.

கூண்டில் ஏறியதும், என் தச்சு வேலை உளிப் பையிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை எடுத்து நீட்டினேன். சாம்பலில் நான் முதலில் கண்டு ஒளித்து வைத்தது. வெந்து கறுத்து, போட்டது போட்டபடியே இறுகிக் கிடந்தது. படுக்கையறைக் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் எதற்கு என்று கம்பெனி வக்கீல் கேட்டார். மருமகளையும் பேத்தியையும் உள்ளே அடைக்க என்றேன். மாட்டியவன் நானே என்றும் சொன்னேன். பூனை நுழைகிறது என்று அவன் சொன்னபோது, அந்த வீட்டுப் பக்கம் பூனையே வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஸ்குரூ முடுக்கினேன். வீடு எரிந்த அன்று மத்தியானம் நான் கோடரியால் ஜன்னலைப் பிளந்தபோது, நீ அந்தக் கதவை அறைந்த சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

வெளியே வந்ததும் கோர்ட் படியில் அவன் என்னைத் தள்ளி, என் கையை மிதித்தான். "இந்தக் கைதானே மாட்டுச்சு, இந்தக் கைதானே" என்று சொல்லிச் சொல்லி மிதித்தான். எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது. மூன்று விரல் போயிற்று. இனி உளி பிடிக்க முடியாது. அவனை இழுக்க நான்கு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

வழக்கு தோற்றுவிடும். வீடு போனது போனதுதான், போகட்டும். அவன் இப்போது உள்ளே இருக்கிறான். உன் பழைய வாக்குமூலம் நின்றால் சீக்கிரமே வெளியே வந்துவிடுவான். உன் முகவரியைப் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன். அவர் வந்து கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல், அம்மா. என்னைக் காப்பாற்ற நினைத்து எதையும் விழுங்காதே. தாழ்ப்பாள் மாட்டியவன் மாமாதான் என்று சொல்.

உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் இருக்கிற வீட்டில் நீங்கள் இருவரும் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா