இடது முன்மூலை

மார்ச் 6
முட்டியில் வலி இல்லை. இருந்தாலும் எழுந்ததும் கை தானாக அங்கேதான் போகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து பதினோரு மாதம். முப்பத்திரண்டு வயதில் இன்னும் தகுதிச் சுற்றில் ஸ்குவாஷ் ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறையும் முதன்மைச் சுற்றுக்குள் நுழையாவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாகக் கணவரிடம் நானாகத்தான் சொன்னேன். "சரி, மொதல்ல சாப்பிடு" என்றார். இப்படி ஒரு மனிதர் கிடைத்ததே பெரிது.

மார்ச் 7, மதியம்
முசுடை ஜெயித்துவிட்டேன்! முசுடு என்பது சக ஆட்டக்காரிகள் அவளுக்கு வைத்த பெயர். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவரோடு மல்லுக்கு நிற்பாள். தோற்றதும் கையைத் தொட்டும் தொடாமலும் குலுக்கிவிட்டுப் போனாள்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. சின்னப் போட்டிகளில் நடுவருக்கு ஆள் கிடையாது. தோற்றவர்தான் அந்தக் களத்தின் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். சாயங்காலம் அங்கே அடுத்த ஆட்டம் என்னுடையது. போச்சு. இவ கையிலயா மாட்டணும்?

மார்ச் 8
நேற்று சாயங்காலம் தோற்றேன். ஐந்தாவது கேம், ஒன்பதுக்குப் பதினொன்று.

முசுடு மேல் குறை சொல்ல வழியில்லை. எதிராளி என்னை மறித்த இரண்டு முறையும் புள்ளியை எனக்கே தந்தாள். அவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன்! வெட்கமாக இருந்தது.

பிறகு உடை மாற்றும் அறைக்கு வந்து எதிரே நின்றாள்.

"மேல நடுவர் இடத்துலேருந்து பாத்தாதான் தெரியுது. பந்து இடது முன்மூலைக்குப் போனா நீ ஒரு நொடி யோசிக்கிற. முட்டி நல்லாத்தான் இருக்கு. நீதான் அதை நம்பல."

"காலையிலயே தெரிஞ்சிருந்தா நீ ஜெயிச்சிருப்ப."

"பின்ன? அங்கயே போட்டுக் கதையை முடிச்சிருப்பேன்." சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும். "திங்கக்கிழமை வா. ஓட விடறேன்."

மார்ச் 13
முந்நூறு தடவை அந்த மூலைக்கு ஓடினேன். எனக்கு எதற்கு இவ்வளவு செய்கிறாள்? கேட்டேவிட்டேன்.

"தனியா சுவரோட ஆடி அலுத்துப்போச்சு" என்றாள்.

ஏப்ரல் 2
இன்னும் ஒரே ஒரு போட்டி என்று கணவரிடம் இழுத்தேன்.

"நீ விட்டுடுவேன்னு யாரு நம்பினா?"

மே 19
தாண்டிவிட்டேன். முதன்மைச் சுற்றுக்குள் வந்துவிட்டேன். முட்டி ஞாபகமே வரவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். எத்தனை பேர் சேர்ந்து தூக்கிவிட்ட கால் இது.

முசுடும் உள்ளே வந்துவிட்டாள்; நாளை எனக்கு எதிரில் அவள்தான். என் ஆட்டம் முழுவதும் அவளுக்கு அத்துப்படி. பட்டியலைப் பார்த்ததும் போன் செய்தாள்.

"நாளைக்கு எல்லாப் பந்தும் அந்த மூலைக்குத்தான்."

"போடு" என்றேன்.