கையெழுத்து வேறுபடுகிறது

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று உலகத்தைக் காப்பாற்றும் வேலைகள் அதிகம். பால் பொங்கி வழியாமல் தடுத்தேன். செய்தித்தாளை விளம்பரங்கள் உட்பட இரண்டு முறை படித்து முடித்தேன். பக்கத்து வீட்டு நாயோடு ஒரு சின்னப் போர்; வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

பதினோரு மணிக்குத் தங்கை கடல் கடந்து கூப்பிட்டாள். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷனாம். இதயத்தில் ஒரு வால்வு மக்கர் செய்கிறது. தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, நீ வந்து வாசல்ல நின்னாத்தான் நான் உள்ள போவேன்."

"நான் வந்தா டாக்டருங்கள்லாம் எழுந்து நின்னு கத்தியை என் கையில குடுத்துருவாங்களேடி!"

"கிண்டலை அப்புறம் வச்சுக்க. பாஸ்போர்ட்டு உயிரோட இருக்கா, பாரு."

பார்த்தேன். நவம்பரில் சாகிறது. ஆறு மாத ஆயுளாவது மிச்சம் இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். விசா மட்டும் இன்னும் மூன்று வருஷத்துக்குத் திடகாத்திரமாக இருக்கிறது. பதினேழு நாள். இந்தக் கை நினைத்தால் பதினேழு நாளில் ஒரு சாம்ராஜ்யத்தையே புதுப்பித்துவிடாதா?

செப்டம்பர் 3

விண்ணப்பம் நிரப்பினேன். கடைசியில் என் புகழ்பெற்ற கையெழுத்து. முதல் எழுத்து கோபுரமாக எழும்பும், நடுவில் மூன்று சுழி, முடிவில் ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கலாம். வங்கியில் முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்தே சோறு தின்றவன், தன் கையெழுத்தைச் சாதாரணமாகவா வைத்திருப்பான்?

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு?"

பேனா சரியில்லை என்றேன்.

"சரி, அதுக்கு ஏன் இப்படி முறைக்கிறீங்க?"

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பாஸ்போர்ட் அலுவலகம். டோக்கன் எண் நூற்று அறுபத்தெட்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தில் இரண்டு தலைமுறைகள் பிறந்து வளர்ந்து தாத்தா ஆகியிருக்கும். மூன்றாவது கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். பழைய பாஸ்போர்ட்டையும் என் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த பார்வை அது.

"அங்கிள், சைன் சேரலையே. இந்தக் கட்டத்துக்குள்ள இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். மூன்று தடவை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டி.

"ஒண்ணு பண்ணுங்க, கைரேகை வச்சிடுங்க. ரூல்ல இடம் இருக்கு. பத்து நாள்ல வீட்டுக்கே வந்துடும்."

கைநாட்டா? நானா? கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படின்னா உங்க பேங்க்ல சைனுக்குச் சான்று வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்."

என் வங்கியா! அங்கே சுவரில் நான் ஆணி அடித்த இடம்கூட என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லும்.

செப்டம்பர் 6

நூற்று நாற்பது கையெழுத்துப் போட்டுப் பழகினேன். ஒன்றுகூட நான் போட்டதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

வங்கி. என் நாற்காலியில் இப்போது என்னிடம் வேலை கற்றவள் உட்கார்ந்திருக்கிறாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கும். எழுந்து நின்றாள், காபி வரவழைத்தாள், பழைய கதை பேசினாள். பிறகு என் தாளை வாங்கிப் பார்த்தாள். கணினித் திரையோடு ஒப்பிட்டாள்.

"சார்... ரெக்கார்டுல இருக்கிறதோட ஒத்துப்போகல."

"அடியே, எதிரே உக்காந்திருக்கிறது நான்தானே?"

"நீங்கதான் சார். ஆனா ஆளைப் பாக்காதே, கையெழுத்தைப் பாருன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

காபியைத் தூக்கினேன். பாதி சட்டையில். "மாதிரிக் கையெழுத்தை மாத்தி எழுதிக் குடுங்க சார், ஏழு வேலை நாள்ல சரியாயிடும்" என்றாள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞாபகம். ஒரே வாரத்தில் மூன்று முறை அவரைத் திருப்பி அனுப்பினேன். "ஐயா, முன்னாடி போட்ட மாதிரி போடுங்க" என்றேன், வரிசை சிரிக்கும்படி. அவர் சிரிக்கவில்லை. அப்போது அது கோபம் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 9

மனைவி கடைக்குப் போனதும் வீட்டிலுள்ள என் கையெழுத்துகளையெல்லாம் மேஜையில் பரப்பினேன். வாடகை ஒப்பந்தம், எரிவாயு புத்தகம், மருந்துக்கடை ரசீது, இந்த டைரி. பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன்.

கள்ளக் கையெழுத்தில் தயக்கம் இருக்கும். பேனா நின்று நின்று போகும். இதில் அது இல்லை. வரி தொடங்கும்போது ஓரளவு பெரிது, போகப் போகப் பொடி. போன நவம்பர் பதினாலாம் தேதி வரை வால் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. மூன்று சுழி இரண்டாகிறது. ஏப்ரலில் ஒன்று. இப்போது ஒரு புள்ளி.

முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த ஆள் ஏமாற்றவில்லை. இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது.

பித்தான் போட ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? நடக்கும்போது வலது கை மட்டும் ஏன் ஒட்டவைத்த மாதிரி தொங்குகிறது? செருப்பு அடிக்கடி கழன்று போவதற்குச் செருப்புதான் காரணம் என்று எத்தனை ஜோடி மாற்றினேன்?

அவள் வருகிற சத்தம். எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டேன்.

செப்டம்பர் 10

தங்கை பேசினாள். மூச்சு வாங்குகிறது. "அண்ணே, கிளம்பிட்டியா?"

"பாஸ்போர்ட்டு அச்சாகிட்டு இருக்குடி. என் பேரு நீளம், மை பத்தலையாம்."

சிரித்தாள். சிரிப்பின் நடுவில் நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தாள். நான் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

போய்க் கட்டைவிரலை வைத்துவிட்டேன். அதே கண்ணாடிக்காரி. ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. துடைக்கத் துணி கொடுத்தாள்.

"எப்பம்மா வரும்?"

"பத்து நாள் அங்கிள். இருபத்தொண்ணு ஞாயிறு. அப்ப திங்கக்கிழமை."

"பத்தொம்பதாம் தேதி என் தங்கச்சிக்கு ஆபரேஷன்மா."

உள்ளே போய் யாரிடமோ கெஞ்சினாள். கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது. திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டினாள். "அன்னிக்கே வச்சிருந்தீங்கன்னா பதினஞ்சாம் தேதி கையில இருந்திருக்கும்" என்றாள், மெதுவாக.

ஆறு நாள். ஒரு வாலுக்காக ஆறு நாள்.

தங்கையிடம் சொன்னேன். இருபத்திரண்டா என்று இன்னொரு முறை கேட்டாள். பிறகு, "பரவால்லண்ணே. நீ வந்து சேர்றதுக்குள்ள நான் முழிச்சிருவேன். அப்ப வந்து சத்தம் போடு" என்றாள்.

செப்டம்பர் 15

மனைவி விடவில்லை. எரிவாயு புத்தகத்துக்குள் பூதக்கண்ணாடி இருந்ததாம். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். "நான் நலமாக இருக்கிறேன்" என்று மூன்று முறை எழுதச் சொன்னார். மூன்றாவது வரியை அவராலும் படிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

"எப்பலேர்ந்து சார்?"

"போன நவம்பர் பதினாலு."

நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு துல்லியமான நோயாளியை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை போல. நரம்பு சம்பந்தப்பட்டது, குணமாக்க முடியாது, மாத்திரையில் இழுத்துப் பிடிக்கலாம் என்றார். நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நல்ல பெரிய கையெழுத்து அவருக்கு.

பஸ்ஸில் வரும்போது அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்கச்சிக்குச் சொல்லாதே என்றேன்.

செப்டம்பர் 17

நாளை மறுநாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து மணி நேரம் என்றார்கள். எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. வாசலில் நிற்க வேண்டியவன் இங்கே சமையலறை வாசலில் நிற்கிறேன்.

செப்டம்பர் 20

முடிந்ததாம். இன்னும் கண் திறக்கவில்லை. மருந்து மயக்கமாக இருக்கும். இருக்கும்தானே?

செப்டம்பர் 22, திங்கள்

இதை எழுதுவது என் மனைவி. சொல்வது நான். முந்தைய இரண்டு நாள் எழுதியதைப் படிக்கப் பூதக்கண்ணாடியே கண்ணாடி கேட்கிறது என்பதால் இந்த ஏற்பாடு. இவள் தன் கருத்துகளை நடுவில் நுழைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

பாஸ்போர்ட் காலையில் வந்தது. நீல நிறம், புது வாசனை. படத்தில் இருப்பவன் உலகத்தின் மீதே வழக்குப் போட்டவன் மாதிரி இருக்கிறான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல். நாளைக் காலை விமானம். இவளும் வருகிறேன் என்றாள். இவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. பெட்டியில் சட்டைகளை அடுக்கியிருக்கிறாள். எல்லாம் பித்தான் இல்லாத சட்டைகள்.

மாலையில் மாப்பிள்ளை பேசினார். தங்கையின் புருஷன். மூன்று நாளாக, "மச்சான், எப்படியாவது சீக்கிரம் வந்துடுங்க, உங்க குரலைக் கேட்டா முழிச்சிருவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர்.

"வந்துருச்சு மாப்ளே! நாளைக்குக் காலைல ஏறிடறேன்" என்றேன்.

"சரி மச்சான்" என்றார். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "அவசரம் ஒண்ணும் இல்ல. பாத்து, மெதுவா வாங்க."

அதை எழுத மாட்டேன் என்றாள். எழுதும்மா என்றேன். எழுதிவிட்டாள்.