மூன்றாம் முறை வந்த அக்கி

அன்புள்ள கண்ணு,

அம்மாவின் மறதி கூடிவிட்டது. பாலக்காட்டில் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அவளுக்கு மூன்று முறை அக்கி வந்ததை அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் கிருமி கோரைப்புல் மாதிரி. மேலே பிடுங்கினாலும் கிழங்கு நரம்புக்குள் கிடந்து மறுபடி முளைக்கும். பல வருடம் அது உள்ளே இருந்ததும் இந்த மறதிக்கு ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

மூன்றாம் முறை கண்ணருகே வந்தபோது, நர்ஸான நீ, "இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கோணுங்கப்பா" என்று அழுதாய். "வாத்தியாருக்கே பாடம் எடுக்கறயா?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டு, அவளைக் குயவரிடம் கூட்டிப்போய்க் காவி குழைத்து அக்கி எழுத வைத்தேன். புண் ஆறியது. நான் ஜெயித்ததாக நினைத்தேன். அதற்குப் பிறகு நாலு வருடமாக நீ வீட்டுக்கு வரவில்லை.

நேற்று அம்மா நான் அவள் புருஷன் என்பதையே மறந்து, என்னை உன் பள்ளி வாத்தியார் என்று நினைத்து, "ஏனுங்க சார், எம்புள்ளைக்கு இன்னும் பள்ளிக்கூடம் உடலீங்களா?" என்றாள்.

"உட்டாச்சு. வந்துட்டிருக்கறா" என்றேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். அவளிடம் நான் சொன்னது மட்டும் பொய்யாகாமல் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை வா.

உன் அப்பா